நினைவும் அசைபோடுதலும்: கடந்த காலத்தைச் சுமப்பது குறித்து நம் வரலாறு சொல்வது



நாம் வாழும் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். கேரளத்திற்குச் செல்லும் காய்கறியில் பெரும் பங்கு இங்கிருந்துதான் லாரி ஏறுகிறது. தக்காளியோ முருங்கையோ விலை சரிந்த நாளில் சந்தையில் அதிகம் கேட்கும் சொல் ஒன்று உண்டு. அது 'இருந்தால்' என்பதாகும். முந்தாநாளே பறித்திருந்தால், வேறு மண்டிக்குப் போட்டிருந்தால், இந்தப் பருவத்தில் வெங்காயம் நட்டிருந்தால் என்று அது நீளும். ஆயினும் சந்தையின் 'இருந்தால்' நெடுநாள் வாழ்வதில்லை. அடுத்த லோடு வந்ததும் வியாபாரி அதை மறந்து வேலையைப் பார்க்கிறார்.

வீடுகளில் குடியிருக்கும் 'இருந்தால்' அப்படிப்பட்டதன்று. வாப்பாவை அன்றே மதுரைக்குக் கொண்டு போயிருந்தால், பாகப்பிரிவினையில் அண்ணன் நியாயமாக நடந்திருந்தால், மகளுக்கு அந்தச் சம்பந்தத்தை முடித்திருந்தால் என்று இருபது ஆண்டு, முப்பது ஆண்டு அது உயிரோடிருக்கிறது. சில குடும்பங்களில் தந்தையின் 'இருந்தால்' மகனுக்கும் வாரிசுச் சொத்தாகச் சேர்ந்துவிடுகிறது. நடந்து முடிந்ததை மனத்திற்குள் மீண்டும் மீண்டும் மென்று கொண்டிருப்பதைத் தமிழில் அசைபோடுதல் என்கிறோம். மாடு அசைபோட்டால் இரை செரிக்கும். மனிதன் துயரத்தை அசைபோட்டால் துயரம் அவனைச் செரித்துவிடும்.

அப்படியானால் மறந்துவிடுவதுதான் வழியா? நம் மார்க்கம் அவ்வாறு சொல்லவில்லை. திருக்குர்ஆனில் நினைவு கூருங்கள் என்ற கட்டளை பலமுறை வருகிறது. கவலைப்படாதீர்கள் என்ற ஆறுதலும் வருகிறது. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கின்றன என்பதை வரலாற்றின் துணையோடு பார்ப்போம்.

'லவ்' என்னும் வாசல்

'அப்படி இருந்தால்' என்பதற்கான அரபுச் சொல் 'லவ்'. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஸஹீஹ் முஸ்லிம் நூலின் புகழ்பெற்ற ஹதீஸ் ஒன்றில், நமக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள்ள வேண்டும், அல்லாஹ்விடம் உதவி தேட வேண்டும், இயலாமையில் சோர்ந்துவிடக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் முதலில் கற்பிக்கிறார்கள். அதன் பிறகே, ஏதேனும் துன்பம் நேர்ந்துவிட்டால் இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே என்று பேச வேண்டாம் எனவும், அந்த 'லவ்' ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறந்துவிடும் எனவும் எச்சரிக்கிறார்கள்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முயற்சி முதலில் வருகிறது, கத்ரை ஏற்பது பின்னர் வருகிறது. முயலாமல் இருந்துவிட்டு விதி என்று சொல்பவருக்கு இந்த ஹதீஸில் இடமில்லை. முயன்ற பின் தன்னையே கடித்துக்கொண்டிருப்பவருக்கும் இடமில்லை.

ஹிஜ்ரி 256இல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹ் தொகுப்பில் 'லவ்' என்ற சொல்லில் அனுமதிக்கப்பட்டது எது என்பதற்கென்றே ஒரு பாடம் அமைத்துள்ளார்கள். ஏனெனில் நபி (ஸல்) அவர்களே சில இடங்களில் இச்சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இறுதி ஹஜ்ஜின்போது, பின்னர் அறிந்ததை முன்பே அறிந்திருந்தால் பலிப்பிராணியை உடன் கொண்டு வந்திருக்க மாட்டேன் என்ற கருத்தில் கூறினார்கள். இஹ்ராமைக் களையத் தயங்கிய தோழர்களுக்கு வழியைத் தெளிவாக்கவே அவ்வாறு சொன்னார்கள். ஆகவே நாளைக்குப் பாடம் தரும் 'இருந்தால்' வேறு, நேற்றோடு நம்மைக் கட்டிப்போடும் 'இருந்தால்' வேறு.

உஹதுக்கு மறுநாள்

இந்த வேறுபாட்டை உஹதுப் போரைப் போலத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி மிகச் சிலவே. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு ஷவ்வால் மாதம், குறைஷிப் படை மதீனாவை நெருங்கியபோது நகருக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. பத்ரில் கலந்துகொள்ளும் வாய்ப்பை இழந்த இளைஞர்கள் வெளியே சென்று போரிட வேண்டும் என்று வற்புறுத்தினர். பெரும்பான்மையோரின் ஆலோசனை ஏற்கப்பட்டது. மலையடிவாரத்தில் நிறுத்தப்பட்ட 50 வில்லாளிகளில் பெரும்பாலோர் இடத்தை விட்டு நகர்ந்தனர். விளைவாக ஏறத்தாழ 70 தோழர்கள் ஷஹீதாயினர். பெருமானாரின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களும் அவர்களில் ஒருவர். பெருமானாரின் முகமும் காயமுற்றது.

'இருந்தால்' என்று சொல்ல இதைவிட நியாயமான சந்தர்ப்பம் வேறு உண்டா? நயவஞ்சகர்கள் அதைத்தான் சொன்னார்கள். எங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் கொல்லப்பட்டிருக்க மாட்டார்கள் என்ற அவர்களுடைய பேச்சை ஆலு இம்ரான் அத்தியாயம் பதிவு செய்து மறுக்கிறது (3:168). இத்தகைய பேச்சு, பேசுவோரின் உள்ளங்களிலேயே ஏக்கமாகத் தங்கிவிடுகிறது என்றும் அதே அத்தியாயம் உணர்த்துகிறது (3:156). மனநோய் மருத்துவர் ஒருவர் சொல்லக்கூடிய செய்தி இது.

நபி (ஸல்) அவர்களோ வெளியே செல்ல வற்புறுத்திய இளைஞர்களை ஒரு சொல்லாலும் குத்திக் காட்டவில்லை. அவர்களை மன்னிக்கும்படியும், இனியும் காரியங்களில் அவர்களிடம் ஆலோசனை கேட்கும்படியும் இறைவசனம் இறங்கியது (3:159). தவறாக முடிந்த ஆலோசனைக்குப் பிறகும் ஆலோசனை கேட்கும் வழக்கம் கைவிடப்படவில்லை. போருக்கு மறுநாளே, உஹதில் கலந்துகொண்டவர்களையே அழைத்துக்கொண்டு, காயங்களோடு ஹம்ராவுல் அஸத் வரை எதிரியைப் பின்தொடர்ந்தார்கள். உஹதில் நடந்தது என்ன, யார் நகர்ந்தார்கள், ஏன் நகர்ந்தார்கள் என்பதைத் திருக்குர்ஆன் மறைக்கவுமில்லை. பாடம் நினைவில் நிறுத்தப்பட்டது, பழி நிறுத்தப்படவில்லை. பிற்காலத்தில் அதே மலையைப் பார்த்து, இம்மலை நம்மை நேசிக்கிறது, நாமும் இதை நேசிக்கிறோம் என்ற கருத்தில் நபியவர்கள் கூறினார்கள். மிகப் பெரிய துயரம் நேர்ந்த இடத்தை வெறுக்காமல் நேசித்த உள்ளம் அது.

நபிமார்களும் அழுதார்கள்

இதைச் சொல்லும்போது ஒரு தவறான புரிதலையும் நீக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, உமக்கு ஈமான் குறைவு, அதனால்தான் இன்னும் அழுகிறீர் என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. யஅகூப் (அலை) அவர்கள் மகன் யூஸுஃபை இழந்த துயரத்தில் அழுது கண்கள் வெளுத்துப் போனதைத் திருக்குர்ஆனே கூறுகிறது (12:84). அவர்களுடைய ஈமானை யார் குறை சொல்ல முடியும்?

அவர்கள் அந்தத் துயரத்தை என்ன செய்தார்கள் என்பதே நமக்குப் பாடம். தம் முறையீட்டை அல்லாஹ்விடம் வைத்தார்கள் (12:86). அடுத்த வசனத்திலேயே, போய் யூஸுஃபையும் அவருடைய சகோதரரையும் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று பிள்ளைகளை அனுப்பினார்கள் (12:87). கண் அழுதது, கால்கள் நின்றுவிடவில்லை.

நபித்துவத்தின் 10ஆம் ஆண்டில் அபூதாலிபும் கதீஜா (ரலி) அவர்களும் அடுத்தடுத்து மறைந்தனர். வரலாற்றாசிரியர்கள் அதைத் துயர ஆண்டு என்றே அழைத்தனர். கதீஜா (ரலி) அவர்களை நபியவர்கள் இறுதிவரை மறக்கவில்லை. ஆடு அறுத்தால் கதீஜாவின் தோழியருக்கு ஒரு பங்கு அனுப்புவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பத்ர்ப் போரில் கைதான கணவரை மீட்க மகள் ஸைனப் (ரலி) அவர்கள் அனுப்பிய பொருள்களில் கதீஜாவின் கழுத்து மாலை இருந்தது. அதைக் கண்டு மனம் உருகிய நபியவர்கள், தோழர்களின் சம்மதத்தோடு கைதியை விடுவித்து மாலையையும் திருப்பி அனுப்பினார்கள். அன்பின் நினைவு ஒருநாள் தோழியருக்கு உணவாகவும், மற்றொரு நாள் கைதிக்கு விடுதலையாகவும் மாறியது. நாம் தேடும் நினைவு இதுதான்.

பல்க் நகரத்து அறிஞர்

உள்ளத்தின் இந்த நோயை நம் முன்னோர் மருத்துவமாகவும் ஆராய்ந்தனர். 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்கிந்தி, துயரங்களை விலக்கும் உபாயம் பற்றித் தனி நூலே எழுதினார். விரும்பியதை இழப்பதாலும் தேடியது கிடைக்காமற் போவதாலும் உள்ளத்தில் எழும் வலியே துக்கம் என்பது அவருடைய விளக்கம். மாவீரன் இஸ்கந்தர் தன் தாய்க்கு எழுதியதாக ஒரு கதையையும் அதில் சொல்கிறார். என் மரணச் செய்தி வந்ததும் விருந்து வைத்து, எந்தத் துன்பமும் நேராதவர்களை மட்டும் அழையுங்கள் என்று எழுதினானாம். தாய் அவ்வாறே செய்ய, விருந்துக்கு ஒருவர்கூட வரவில்லை. மகன் விட்டுச் சென்ற ஆறுதல் எது என்பது தாய்க்கு அப்போது விளங்கியது.

அல்கிந்தியின் மாணவர் அபூ ஸைத் அல்பல்கீ, இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் பகுதியில் ஹிஜ்ரி 235இல் (கி.பி. 850) பிறந்து, ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்தவர். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற அவருடைய நூலின் ஒரு பகுதி உடல் நலத்தையும், மறு பகுதி உள்ள நலத்தையும் பேசுகிறது. இதன் கையெழுத்துப் பிரதி இஸ்தான்புல் நூலகத்தில் காக்கப்பட்டது. சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரீ உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார்.

உள்ளத்தைத் தாக்குபவை கோபம், அச்சம், துக்கம், மனத்தை விட்டு அகலாத எண்ணங்கள் என்று பல்கீ நான்காகப் பிரிக்கிறார். உடல் நோயின்றி வாழ்பவர் சிலர் இருக்கலாம், உள்ளத்து வேதனையின்றி வாழ்பவர் எவருமில்லை என்பது அவர் கருத்து. அவர் சொல்லும் வழி ஒன்று நம் தாய்மார்களுக்கு எளிதில் விளங்கும். திடீர்க் காய்ச்சலுக்கென்று வீட்டில் மருந்து வைத்திருப்பது போல, மனம் அமைதியாக இருக்கும் நாளிலேயே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். துயரம் தாக்கும் நேரத்தில் புதிதாகத் தேடினால் கிடைக்காது.

அவர் துக்கத்தை இரு வகையாகவும் பிரித்தார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று. அதற்கு நல்லோரின் சொல்லும் சொந்தச் சிந்தனையும் மருந்து. காரணமே தெரியாமல் கவியும் துக்கம் மற்றொன்று. அது உடலிலிருந்து எழுவது, ஆகவே உடல் மருத்துவமும் வேண்டும் என்றார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் இதைச் சொல்லியிருக்க, இன்று மனநல மருத்துவரிடம் செல்வதை மார்க்கத்திற்கு இழுக்கு என்று நினைப்பது நம் அறியாமையே.

பின்னர் வந்த இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 751), நபியவர்கள் அதிகம் ஓதிய துஆ ஒன்றை இந்த நோக்கில் விளக்கினார்கள். அதில் எட்டுப் பொருள்களிலிருந்து இணை இணையாகப் பாதுகாவல் கோரப்படுகிறது. முதல் இணை 'ஹம்ம்', 'ஹஸன்'. வரப்போவதைப் பற்றிய கவலை ஹம்ம், போனதைப் பற்றிய துக்கம் ஹஸன். அடுத்த இணை இயலாமையும் சோம்பலும். கவலையும் துக்கமும் முற்றினால் மனிதன் வந்து சேரும் இடம் அதுவே அல்லவா!

ஒரு நிலநடுக்கம் சொன்ன சாட்சி

நவீன உளவியலும் இதே இடத்திற்கு வந்து சேர்ந்துள்ளது. அமெரிக்க ஆய்வாளர் சூசன் நோலன் ஹோக்சிமா, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம் மனநிலை பற்றிய கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்திருந்தார். பதினான்கு நாள்கள் கழித்து, 1989 அக்டோபர் 17 அன்று, கலிபோர்னியாவை லோமா பிரீட்டா நிலநடுக்கம் உலுக்கியது. அதே மாணவர்களை 10 நாள்கள் கழித்தும் 7 வாரங்கள் கழித்தும் அவர் மீண்டும் ஆராய்ந்தார். துயரம் வரும்போது அதையே மனத்திற்குள் சுழற்றிக்கொண்டிருக்கும் வழக்கம் முன்பே இருந்தவர்கள், மற்றவர்களைவிட அதிக மனச்சோர்வில் இருந்தனர். 1991இல் இந்த ஆய்வு வெளியானது. இந்த வழக்கத்திற்கு மேலைநாட்டு உளவியலார் இட்ட பெயரின் நேர்ப்பொருளும் அசைபோடுதல் என்பதே.

ஒரே நிலநடுக்கம் எல்லோரையும் ஒரே அளவில் வீழ்த்தவில்லை. நிகழ்ச்சியைப் போலவே, அதை மனம் எப்படிக் கையாள்கிறது என்பதும் மனிதனைத் தீர்மானிக்கிறது.

இரண்டு மணி நேரத்தில் இழந்த ஊர்

இந்தச் சோதனை ஒரு தனி மனிதருக்கன்றி ஒரு சமுதாயத்திற்கே நேர்ந்தால் என்ன ஆகும்? நம்மைப் போலவே தமிழ் பேசும் முஸ்லிம்களின் அண்மைக்கால வரலாற்றில் அதற்கு ஒரு சான்று உண்டு.

1990 அக்டோபரில் இலங்கையின் வடமாகாணத்தில் வாழ்ந்த முஸ்லிம்கள் அனைவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சாவகச்சேரி, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று தொடர்ந்து, அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணம் நகரத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே அவகாசம் தரப்பட்டது. வீடு, கடை, நகை, பள்ளிவாசல், மையவாடி எல்லாவற்றையும் விட்டு ஏறத்தாழ 75,000 பேர் புறப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் கூடாரங்களிலும் ஓலைக் குடிசைகளிலும் தஞ்சம் அடைந்தனர். 2002 ஏப்ரலில் புலிகள் தரப்பு அதற்கு வருத்தம் தெரிவித்தது. 2009 மே மாதம் போர் முடிந்தது. ஆனால் புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதற்குள் அதுவே ஊராகியிருந்தது. போனவர்கள் பாதி, போகாதவர்கள் பாதி என்று குடும்பங்கள் இரண்டுபட்டன.

அந்த மக்களிடம் மறந்துவிடுங்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பிறருடைய துயரத்தைக் கத்ர் என்ற ஒரு சொல்லால் மூடிவிடுவது எளிது. அது சன்மார்க்கமும் அன்று. அநீதிக்கு ஆளானவர் தம் உரிமையைக் கேட்பதை இஸ்லாம் தடுக்கவில்லை.

அவர்களில் சிலர் நினைவைப் பணியாக மாற்றினர். மன்னார் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்தவர். வெளியேற்றப்பட்ட மக்களின் இழப்புகளை முறையாகத் திரட்டி, 2001இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். 2018இல் அவர் மறையும்வரை அந்த மக்களுக்கான உழைப்பு நிற்கவில்லை. பின்னர் இலங்கைச் சட்ட, சமூக அறக்கட்டளையின் முயற்சியில் குடிமக்கள் ஆணைக்குழு ஒன்று அமைந்து, பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்து 2011இல் அறிக்கை வெளியிட்டது. என் வீடு இங்கே இருந்தது என்று தனியே புலம்பும்போது அது துக்கம். எத்தனை வீடுகள், எந்தத் தெரு, யாருடைய பத்திரம் என்று எழுதிவைக்கும்போது அது சாட்சியம். இழந்தது ஒன்றே, சுமக்கும் முறைதான் வேறு.

பெருமையை அசைபோடுவோர்

துக்கத்தை மட்டுமன்றிப் பெருமையையும் மனிதன் அசைபோடுவான். தவறிப்போனதற்காகத் துயரப்படாமலும், கிடைத்ததற்காகப் பூரித்துப் போகாமலும் இருக்கும்படி ஹதீத் அத்தியாயத்தின் 23ஆம் வசனம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

நம் திண்டுக்கல் சீமையில் இதற்குக் குறைவில்லை. மலைக்கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம் ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலம் நம் பேச்சில் வருகிறது. 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பவுஜ்தாராக வந்தார். பேகம்பூர்ப் பள்ளிவாசல் அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் நினைவைச் சுமந்து நிற்கிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போனது. அன்று அதை இழக்காமல் இருந்தால் என்று ஏங்குவோர் இன்றும் உண்டு.

ஹைதர் அலி எழுதப் படிக்கத் தெரியாதவர். பாட்டனார் பெருமையால் அன்றி, சொந்தத் திறமையால் உயர்ந்தார். தமக்குக் கிட்டாத கல்வியை மகனுக்கு ஆசிரியர்களை வைத்துக் கொடுத்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்புவின் நூலகத்தில் சுமார் 2,000 கையெழுத்து நூல்கள் இருந்தன. அவருடைய வாளைப் பற்றிப் பேசும் இளைஞர் எத்தனை பேர் அந்த நூலகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்? சென்றுபோன சமுதாயத்தார் சம்பாதித்தது அவர்களுக்கு, நீங்கள் சம்பாதித்தது உங்களுக்கு என்ற கருத்தைப் பகரா அத்தியாயம் (2:134) உணர்த்துகிறது. முன்னோரின் நன்மையை எண்ணி அதில் ஒரு பங்கையேனும் செய்பவருக்கே அந்த நினைவு பயன் தரும்.

நம் வீடுகளில்

இதுவரை கண்டவற்றை வீட்டுக்குள் கொண்டுவருவது எப்படி? மனத்தில் பழைய நிகழ்ச்சி ஒன்று எழும்போது, இதனால் இப்போது நான் செய்ய வேண்டிய காரியம் ஏதும் உண்டா என்று கேட்போம். இறந்த தாய்க்காக ஒரு ஸதகா, பிரிந்த சகோதரருக்கு ஒரு ஸலாம், தவறிய கணக்கிலிருந்து ஒரு பாடம், பறிக்கப்பட்ட உரிமைக்கு ஒரு மனு என்று ஏதேனும் இருந்தால் அதைச் செய்வோம். செய்வதற்கு ஒன்றும் இல்லையெனில், அது அல்லாஹ்விடம் ஒப்படைக்க வேண்டிய பொருள்.

பிள்ளைகள் முன்னிலையில் பழைய பகையைப் பேசும்போது கவனம் தேவை. சித்தப்பாவும் பெரியப்பாவும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்று பிள்ளை கேட்டால், நாம் தரும் பதில் அவனுடைய மனத்தில் வேர்விடும். தன்னைக் கிணற்றில் எறிந்த சகோதரர்கள் முன்னே நின்றபோது, இன்று உங்கள் மீது பழியில்லை என்ற பொருளில் யூஸுஃப் (அலை) அவர்கள் பேசியதை (12:92) அப்போது சொல்லிக் கொடுக்கலாம்.

வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் உண்ணாமல், உறங்காமல், பழையதையே சொல்லிக் கொண்டிருந்தால் ஈமானைக் குறை கூறி விலக வேண்டாம். அருகில் அமர்ந்து கேட்போம், துஆச் செய்வோம், மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். நபிவழியும் பல்கீ காட்டிய வழியும் அதற்குத் துணை நிற்கின்றன.

யா அல்லாஹ்! வரப்போவதைப் பற்றிய கவலையிலிருந்தும், போனதைப் பற்றிய துக்கத்திலிருந்தும் எங்களையும் எங்கள் குடும்பத்தாரையும் காப்பாயாக. எங்கள் நினைவுகளை நற்செயல்களாக மாற்றித் தருவாயாக. ஊரையும் உறவையும் இழந்து வாடும் மக்களுக்கு நீயே ஆறுதலாக இருப்பாயாக. ஆமீன்.